அரசியலமைப்புச் சட்ட ஆய்வுக்கு ஐரோப்பா போக விரும்பும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறிகள் ஓடும் குடோன் இருந்தது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் நான் சட்டம் படித்தேன். கோவை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் எல்எல்எம், அதன்பின் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் முனைவர் பட்டம். இப்போது கோவையில் ஒரு சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபி, தாராபுரம், திருச்செங்கோடு பக்கங்களிலிருந்து மாணவர்கள் தேடி வருகிறார்கள். ஐரோப்பியச் சட்டம், ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டம் ஆகிய துறைகளில் ஆய்வாளராக, ஆசிரியராக ஆவது எப்படி என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கிளம்பும்போது என் அப்புச்சி கேட்டார்: "ஏன் அம்மணி, அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்து இந்த ஊரில் என்ன செய்வாய்?" நியாயமான கேள்வி. இதற்கு உங்களிடம் ஒரு பதில் உருவாகும்வரை விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள். நேர்காணலில் வேறு சொற்களில் அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் செய்தித்தாள்கள் 'ஐரோப்பிய கவுன்சில்' என்ற ஒரே பெயரில் மூன்று அமைப்புகளை எழுதிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுடைய தலைவர்கள் கூடுவது ஒன்று. அதே நாடுகளின் அமைச்சர்கள் கூடிச் சட்டம் இயற்றுவது இன்னொன்று. மூன்றாவது ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் தனி அமைப்பு. 2022-ல் ரஷ்யா வெளியேறிய பிறகு 46 நாடுகள் அதில் இருக்கின்றன. ஒன்றியத்தில் இருப்பவை 27.

நீதிமன்றங்களும் அப்படித்தான். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்கில் இருக்கிறது. அந்த மூன்றாவது அமைப்பைச் சேர்ந்த மனித உரிமை நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பை ஒன்றியத்தின் தீர்ப்பு என்று எழுதி அனுப்பும் ஆய்வுத் திட்டத்தை முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். என் மாணவர்களில் மிகக் கெட்டிக்காரரான ஒருவர் இந்தத் தவறைச் செய்தார். அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டம் என்பது வேறு. அதற்கென்று நீதிமன்றமும் இல்லை, சட்டப் புத்தகமும் இல்லை. ஒரே சிக்கலை இரண்டு மூன்று நாடுகளின் அரசியலமைப்புகள் எப்படித் தீர்த்தன, ஏன் வேறுவேறாகத் தீர்த்தன என்று கேட்கும் துறை அது. ஐரோப்பியச் சட்டத்தைத் தனியாகவும் படிக்கலாம். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இரண்டும் சேரும் இடமே வசதியானது என்பது என் அனுபவம்.

ஒரு தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்

தொடக்கத்தில் பாடநூல் வேண்டாம். ஒன்றியத்தின் நீதிமன்றத் தீர்ப்புகள் கூரியா, யூர்-லெக்ஸ் தளங்களிலும், மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகள் ஹூடாக் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரே ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதனுடனே இருங்கள்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது 1964 ஜூலை 15-ஆம் தேதியின் கோஸ்டா தீர்ப்பு. இத்தாலி 1962-ல் மின்சாரத் துறையை நாட்டுடைமை ஆக்கியது. ஃபிளாமினியோ கோஸ்டா மிலான் நகர வழக்கறிஞர். நாட்டுடைமையான மின் நிறுவனம் ஒன்றில் பங்குகள் வைத்திருந்தவர். நாட்டுடைமைச் சட்டம் ஐரோப்பிய நாடுகளை இணைத்த உடன்படிக்கைக்கு முரணானது என்று சொல்லி, புதிய அரசு நிறுவனம் அனுப்பிய 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். சில்லறை வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நடுவர் ஒருவர் அந்தக் கேள்வியை லக்சம்பர்குக்கு அனுப்பினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம், பின்னால் வந்த நாடாளுமன்றச் சட்டமே செல்லும் என்று சொல்லியிருந்தது. லக்சம்பர்க் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது: உறுப்பு நாடுகள் உடன்படிக்கை வழியாகத் தங்கள் அதிகாரத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டன, பின்னால் ஒரு சட்டம் போட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றியச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்ற பெரிய கோட்பாடு ஒரு கரண்ட் பில்லிலிருந்து வந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது, எங்கள் தறிக்குடோன் சுவரில் ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டைதான் என் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து எழுதிவிட்டுப் போவார். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எண்ணை மூன்று முறை பார்ப்பார். மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட விவசாயிகளின் மண் இது. கரண்ட் பில் எப்படி அரசியலமைப்புக் கேள்வியாகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படிக்கும் முறையையும் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காக மடித்து இரண்டு பத்தியாக்குங்கள். இடப்பக்கம், யார் என்ன வாதாடினார் என்று மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம், அதற்கு நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் இடங்கள்தான் முக்கியம். நீதிமன்றம் பதில் சொல்லாமல் தாண்டிப்போன வாதங்கள் அங்கே அப்படியே தெரியும்.

1963-ன் வான் கெண்ட் என் லோஸ் தீர்ப்பில் இதைச் செய்து பாருங்கள். போக்குவரத்து நிறுவனம் ஒன்று ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினைக் கொண்டுவந்தது. பொருளின் வகைப்பாடு மாறியதால் சுங்க வரி 3 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக ஏறியது. சரக்கு எந்த எண்ணின் கீழ் வருகிறது என்று சுங்கத்தோடு மல்லுக்கட்டுவதைத் திருப்பூர் ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கேட்டிருப்பார்கள். அந்த வழக்கில் பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று அரசுகளும் நிறுவனத்துக்கு எதிராக நின்றன. நீதிமன்றத்துக்குக் கருத்துரை தரும் அட்வகேட் ஜெனரல் ரோமரும் எதிராகவே எழுதினார். அப்படியிருந்தும் தனியார் ஒருவர், நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டித் தன் நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என்று தீர்ப்பு வந்தது. இடப்பக்கம் நிரம்பி வழியும். வலப்பக்கம் சில வரிகளே இருக்கும். அந்தச் சில வரிகளின்மேல் அறுபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொள்ள மட்டும் போவதாக நினைக்கிறார்கள். ஒப்பீடு என்பதற்கு இரண்டு தட்டு வேண்டும். ஒரு தட்டில் வைக்க நீங்கள் எதையும் கொண்டுபோகாவிட்டால், அங்கே உள்ளவர்களின் நகலாகத்தான் திரும்பி வருவீர்கள்.

விகிதாசாரக் கோட்பாட்டையே பாருங்கள். அரசு ஓர் உரிமையைக் கட்டுப்படுத்தும்போது, அடைய நினைக்கும் நன்மைக்கும் சுமத்தும் சுமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று எடைபோடுவது அது. இது ஜெர்மனியில் பிறந்து உலகெங்கும் பரவியது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆதாரமாக 1958 ஜூன் 11-ன் மருந்துக்கடைத் தீர்ப்பைக் காட்டுவார்கள். பவேரியாவில் டிராவுன்ராய்ட் என்ற ஊரில் ஒருவர் மருந்துக்கடை வைக்க அனுமதி கேட்டார். இருக்கிற கடைகளே போதும் என்று அரசு மறுத்தது. தொழில் செய்யும் முறையைக் கட்டுப்படுத்துவது வேறு, தொழிலுக்குள் நுழையவே விடாமல் தடுப்பது வேறு. தடுப்பு கடுமையாக ஆக ஆக அரசு காட்டும் காரணமும் வலுவாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் படிப்படியாக வகுத்தது. அருமையான தீர்ப்பு. மூன்று முறை படித்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1952-ல், நம் சென்னை மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வி.ஜி. ராவ் வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி என்ன எழுதினார் என்று பாருங்கள். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்க, பாதிக்கப்படும் உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தீர்க்க வேண்டிய தீங்கின் அளவும் அவசரமும், சுமத்தப்படும் சுமை அளவுக்கு மீறியதா என்பது, அன்றைய சூழ்நிலை என எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்றார். அதற்கும் முன்பே, விவசாயப் பருவத்தில் பீடி சுற்றக் கூடாது என்று தடுக்க வழிசெய்த மத்தியப் பிரதேசச் சட்டத்தைச் சிந்தாமன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவு மீறியதென்று ரத்து செய்திருந்தது. பீடித் தொழிலாளியையும் பவேரிய மருந்துக்கடைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முழு ஆய்வேடு வரும். ஹைடல்பெர்க்கில் முதல் கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது, வி.ஜி. ராவ் தீர்ப்பின் நகலை அன்று மாலையே மூன்று பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சரக்கு அங்கிருந்து இங்கேயும் வந்திருக்கிறது. ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில், 79-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சில விஷயங்களை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்கிறது. ஹைடல்பெர்க் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்த டீட்டர் கொன்ராட் 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, இந்திய நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்று கேட்டார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும்: ஒரு திருத்தத்தின் மூலம் இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரித்துவிட முடியுமா? அந்த வாதம் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வழியாக 1967-ன் கோலக்நாத் வழக்குக்குள் வந்தது. 1973 ஏப்ரல் 24-ல், 13 நீதிபதிகள் அமர்ந்த கேசவானந்த பாரதி வழக்கில், ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடித்தளத்தை எந்தத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்தது. நீதிபதி கன்னா தன் தீர்ப்பில் கொன்ராடைக் குறிப்பிட்டார். அடுத்த நாளே மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி வேறொருவர் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அதை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்திப் பேசிய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். அவருடைய தந்தை சுப்பராயன் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். சுப்பராயனோடு கோவையின் டி.ஏ. ராமலிங்கம் செட்டியாரும் பொள்ளாச்சியின் சி. சுப்பிரமணியமும் அதே சபையில் இருந்தார்கள். இந்தக் கதையில் நம் ஊர்க்காரர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் போதவில்லை.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

என் முதல் ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு 'இந்தியாவிலும் ஜெர்மனியிலும் அடிப்படை உரிமைகள்: ஓர் ஒப்பாய்வு'. பதினொரு பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: உங்கள் கேள்வி எது? அன்று அழுதேன். அவர்கள் சொன்னது சரி என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று.

கேள்வி வீட்டிலேயே இருந்தது. என் அப்புச்சியின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் பாசனத்தில். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, தென்னை ஒவ்வொன்றாகக் காய்ந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தார். என் மாமா திருப்பூரில் சாயப்பட்டறையில் மேஸ்திரி. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவைச் சுத்திகரிக்காத பட்டறைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தப் பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இருவரும், அடுத்த பொங்கலுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து போனார்கள். அப்புச்சியிடம் வாழ்வுரிமை இருந்தது. மாமாவிடம் தொழில் உரிமை இருந்தது. இரண்டும் அரசியலமைப்பில் எழுதப்பட்டவை.

ஒரு நீதிமன்றம் ஒரு தொழிலையே நிறுத்தும்போது, அந்தத் தொழிலில் கூலி வேலை செய்பவரின் இழப்பு எடையில் எங்கே வைக்கப்படுகிறது? இதுவே என் இரண்டாவது திட்டத்தின் கேள்வியானது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு குறித்த உடன்படிக்கையின் 191-ஆம் பிரிவில் எழுத்தில் இருக்கிறது. இங்கே அதை 1996-ல், பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பிலிருந்து வருவித்தது. எழுதப்பட்ட கொள்கையும் வருவிக்கப்பட்ட கொள்கையும் தொழிலாளியை ஒரே மாதிரி நடத்துகின்றனவா என்று மருந்துக்கடைத் தீர்ப்பின் படிகளை வைத்துப் பார்த்தேன். இந்தத் திட்டத்தை ஐந்து பேருக்குத்தான் அனுப்பினேன். நான்கு பேர் பதில் எழுதினார்கள்.

உங்கள் கேள்வி வேறாக இருக்கும். மொழியில் ஆர்வமிருந்தால் 1982-ன் சில்ஃபிட் தீர்ப்பைப் படியுங்கள். இத்தாலியக் கம்பளி நிறுவனங்கள் தொடுத்த வழக்கு அது. ஒன்றியச் சட்டத்தின் எல்லா மொழி வடிவங்களுக்கும் ஒரே அதிகாரம் உண்டு, அவற்றை ஒப்பிட்டே பொருள் காண வேண்டும் என்றது. இன்று அவை 24 மொழிகள். நம் நாட்டிலோ 348-ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டத்துக்குக்கூட ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது. 1949 செப்டம்பரில் மொழிப் பிரச்சினை விவாதத்தில் ராமலிங்கம் செட்டியார் பேசியதையும் இதையும் சேர்த்துப் படித்தால் கேள்வி தானாக எழும். பின்னலாடைக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால், பெரிய நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் சங்கிலி முழுவதிலும் மனித உரிமையைக் கவனிக்க வேண்டும் என்ற 2024-ஆம் ஆண்டு ஒன்றிய ஆணையைப் பாருங்கள். பிரஸ்ஸல்ஸில் இயற்றப்பட்ட விதியின் சுமை அவிநாசி ரோட்டுத் தொழிற்சாலையில் வந்து இறங்கும். அந்த விதியை இயற்றியதில் அவிநாசிக்கு ஓட்டு இல்லை. இதைவிட நல்ல அரசியலமைப்புக் கேள்வி எனக்குத் தெரியவில்லை.

மொழி

எல்எல்எம் சேரும் அன்றே ஜெர்மனோ பிரெஞ்சோ தொடங்கிவிடுங்கள். லக்சம்பர்க் நீதிமன்றத்தின் உள்வேலை மொழி பிரெஞ்சு. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்புகள் சிலவற்றுக்கு ஆங்கில வடிவம் உண்டு. அவற்றின்மேல் அந்த நாட்டவர் எழுதிய விளக்கங்கள் பெரும்பாலும் ஜெர்மனிலேயே இருக்கின்றன. கோவையிலேயே வகுப்புகள் இருக்கின்றன. பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியில் தீர்ப்பை அகராதியோடு தட்டித்தடவிப் படிக்கலாம். அடுத்த நிலையான பி2 வந்தால் மூச்சு விடலாம்.

மொழி தெரிந்தால்தான் சில சொற்களுக்குப் பின்னால் இருப்பது புலப்படும். ஜெர்மானியர்கள் தங்கள் அரசியலமைப்பை ஏன் 'கிருண்ட்கெசெட்ஸ்', அதாவது அடிப்படைச் சட்டம், என்று அழைக்கிறார்கள்? 1949-ல் நாடு பிரிந்து கிடந்தது; முழு நாட்டுக்கும் அரசியலமைப்பு என்ற பெயரைச் சூட்ட அவர்களுக்கு மனமில்லை. தற்காலிகம் என்று வைத்த பெயர் இணைப்புக்குப் பிறகும் நிலைத்துவிட்டது.

விண்ணப்பம், பணம், கடிதங்கள்

தரகு நிறுவனங்களிடம் போகாதீர்கள். நான் ஒரு நிறுவனத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் கட்டினேன். அவர்கள் எழுதிக்கொடுத்த நோக்க அறிக்கை, அதே அலுவலகத்தில் மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு பையனின் அறிக்கையோடு நான்கு பத்திகளில் வரிக்கு வரி ஒத்துப்போனது. தற்செயலாக அவன் என் தோழியின் தம்பி, இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. முனைவர் பட்டச் சேர்க்கை என்பது ஒரு பேராசிரியர் உங்கள் கேள்வியை நம்பி உங்களை ஏற்பது. நடுவில் ஆளுக்கு வேலையே இல்லை.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார் என்று ஒரு வரி. உங்கள் கேள்வி என்ன என்று மூன்று வரி. அவருடைய எந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு உதவுகிறது, எந்த இடத்தில் நீங்கள் மாறுபடுகிறீர்கள் என்று நான்கு வரி. கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். 'மதிப்பிற்குரிய பெருந்தகையே' என்ற பாணியை விட்டுவிடுங்கள். நம் மரியாதை அங்கே வெறும் அலங்காரமாகத் தெரியும்.

பரிந்துரைக் கடிதத்தை மூன்று மாதம் முன்பே கேளுங்கள். எனக்குக் கடிதம் தருவதாகச் சொன்ன ஆசிரியர் ஒருவர் கடைசி நாள்வரை தரவில்லை. ஓர் உதவித்தொகை அதனால் போயிற்று. இப்போது என் மாணவர்களுக்குக் கேட்ட வாரத்திலேயே எழுதிவிடுகிறேன். கேட்கும்போது உங்கள் மதிப்பெண் பட்டியலோடு, அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையையும் கொடுங்கள். எழுதுகிறவருக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தோட்டத்தை அடமானம் வைத்து எல்எல்எம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு எல்எல்எம்முக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள். வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தை இங்கே இணையாக ஏற்பதில் பார் கவுன்சில் கெடுபிடி காட்டிவந்திருக்கிறது. இங்கேயே எல்எல்எம் முடித்துவிட்டு, சம்பளமோ உதவித்தொகையோ உள்ள முனைவர் இடத்துக்குப் போவதே நம் குடும்பங்களுக்கு ஏற்ற வழி. நெதர்லாந்தில் முனைவர் மாணவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்களாகவே சம்பளம் வாங்குகிறார்கள். ஜெர்மனியில் பேராசிரியரின் துறையில் அரைநேரப் பணியிடம் கிடைக்கலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் உதவித்தொகையும் உண்டு. ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலம் 2017 முதல் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது; முனைவர் மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஃபுளாரன்ஸில் 1976 முதல் இயங்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் இந்தத் துறைக்கு மிக நல்ல இடம். ஆனால் அங்கே மானியங்களைப் பெரும்பாலும் உறுப்பு நாட்டு அரசுகள் தருகின்றன. இந்தியருக்கு எந்த மானியம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வியன்னாவுக்கு இடம்பெயர்ந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டத்துக்கென்றே படிப்பு நடத்துகிறது. ஜெர்மனியில் பட்டப்படிப்பு விசாவுக்கு 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். உங்களுக்கு அது தேவையா, விலக்கு உண்டா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அங்கே போன பிறகு

ஹைடல்பெர்க்கில் ஒப்பீட்டுப் பொதுச் சட்டத்துக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் நூலகம்தான் எனக்கு வீடு. முதல் குளிர்காலம் கடினமாக இருந்தது. நாலரை மணிக்கு இருட்டிவிடும். தறிச் சத்தம் இல்லாத நிசப்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போனைத் தறிக்குடோனில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்கவிட்டார்.

வாரந்தோறும் ஒரு பக்கமாவது எழுதுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரையையாவது வெளியிடுங்கள். ஜெர்மன் லா ஜர்னல் எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ். எந்த அளவுக்கு எழுத வேண்டும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கருத்தரங்கில் உங்கள் பேராசிரியரை மறுத்துப் பேசத் தயங்காதீர்கள். நம் வளர்ப்பில் அது எளிதல்ல. நான் ஒன்றரை ஆண்டு வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிரந்தர வேலை அரிது. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிகப் பணிக்குச் சட்டமே எல்லை வைத்திருக்கிறது. சட்டப் பேராசிரியராக அந்த நாட்டின் அரசுத் தேர்வு எழுதியவர்களையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு அதிகம். இங்கே திரும்புவதானால், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தை உதவிப் பேராசிரியர் தகுதியாக யூஜிசியின் 2018 விதிகள் ஏற்கின்றன. ஆனாலும் கிளம்பும் முன்பே நெட் தகுதித் தேர்வை எழுதி வைத்துவிடுங்கள். சட்டப் பாடத்தின் எண் 58. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வழியில் எடுக்கின்றன. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் திரும்பி வந்த ஆண்டு அப்புச்சி என் ஆய்வேட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். ஆங்கிலம் தெரியாது. 'நொய்யல்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். மாமாவைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அந்த அத்தியாயத்தையும் காட்டினேன். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமாவைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வி.ஜி. ராவ் தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். ஓரத்தில் எழுத இடம் விட்டு அச்செடுங்கள், நோட்டும் கொண்டுவாருங்கள்.